மோரி வழியாகப் போன கேபிள்

நெட்வொர்க் பிளானிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, 'நெட்வொர்க்கின் நம்பகத்தன்மையைக் கணிக்கிற அல்காரிதங்கள் பற்றி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அங்கிள்' என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கிள் என்று போட்டதற்காகவே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் விருப்ப ஓய்வில் வந்தவன். என் தலைமுடி மட்டும்தான் கட்டாய ஓய்வில் போனது. இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காலையில் பம்பாயின் மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றுகொண்டு தாணா போகிற ஸ்லோ லோக்கலை வேடிக்கை பார்ப்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு உத்தியோகம் இல்லை. உங்களில் தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவரும் தடுமாறினால் அதற்கு நம் தொழிலில் ஒரு பெயர் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

நாம் செய்கிற வேலை சொல்லும்போது சின்னப் பிள்ளைக் கணக்கு மாதிரிதான் இருக்கும். சில புள்ளிகள், நடுவே கோடுகள். ஒவ்வொரு கோடும் அறுந்துபோக ஒரு வாய்ப்பு உண்டு. சில கோடுகள் அறுந்தாலும் இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போக ஒரு வழியாவது மிஞ்சுமா? மிஞ்சுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? அவ்வளவுதான் கேள்வி. ஆனால் ஒரு கோடு கூடினால் பார்க்க வேண்டிய நிலைமைகள் இரண்டு மடங்காகும். கொஞ்சம் பெரிய படமாக இருந்தால் ஒன்றுவிடாமல் எண்ணி முடிப்பதற்குள் கம்ப்யூட்டருக்கே ஆயுசு முடிந்துவிடும். அதனால் குறுக்கு வழி தேடுகிறோம். தாயக்கட்டை உருட்டுவதுபோல மறுபடி மறுபடி கோடுகளை அறுத்து, எத்தனை தடவை வழி பிழைக்கிறது என்று பார்க்கிறோம். இல்லாவிட்டால், எந்தெந்தக் கோடுகள் சேர்ந்து போனால் கதை முடியும் என்று அந்தக் கூட்டங்களை மட்டும் பொறுக்குகிறோம். இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். பாடத்தில் எங்கேயோ ஓரமாக ஒரு வரி வரும்: கோடுகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் அறுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 'வைத்துக்கொள்வோம்' பற்றித்தான் எழுதப்போகிறேன். அதை எழுதினால் சிக்கந்தரைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். அவரோடு உருப்படியாகப் பேசி மாதக்கணக்காகிறது. அதுதான் என் இப்போதைய கவலை. அதையும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

சிக்கந்தரின் அப்பா கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறை போட்டவர். எங்கள் குடும்பம் மாட்டுங்காவில் தலைமுறை தலைமுறையாக யாராவது ஒரு ஆபீசில் குமாஸ்தா. இரண்டு பேரும் ஐரோலியில் ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தோம். அல்காரிதம் எழுதுவது நான். காண்டிராக்டர்கள் கொடுக்கும் சர்வே படங்களை எல்லாம் புள்ளியும் கோடுமாக மாற்றி, அதற்குள் பம்பாயைக் கொண்டுவந்து வைப்பது அவர். நான் மாட்டுங்காவில் வண்டி ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் சயானில் அவர் ஏறுவார். அவருக்காக ஒரு கைப்பிடியைப் பிடித்துவைத்திருப்பேன். அதற்காக நான் வாங்கிய வசவுகளை நாலு பாஷையில் தொகுக்கலாம். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, 'மாட்டுங்கா' என்பார். நான் அவரை 'தாராவி' என்பேன். திரும்பி வரும்போது வண்டியில் 'அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா' என்று அறிவிப்பு வந்தால், "எறங்கும்வே, பேரச் சொல்லி வெரட்டுதா பாரும்" என்பார், சயானில் அவரே இறங்கிக்கொண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். செம்பூரில் ஒரு ரத்த வங்கி. மாட்டுங்கா பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பெயர்கள் வேண்டாம். எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிவதும், அவசரத்துக்குக் கேட்டு வாங்குவதும் எங்கள் இணைப்பு வழியாகத்தான். அது அறுந்தால் அங்கே மேஜையில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு இங்கே போனைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் இரண்டு கேபிள், இரண்டு வேறு வேறு வழி. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், 'இது தாங்கும்' என்று கணக்குப் போட்டு நானும் சிக்கந்தரும் கையெழுத்திட வேண்டும்.

முதல் கேபிளின் படத்தை வரைந்தவன் இங்கிலீஷ்காரன் மாதிரி, ரோட்டுக்கு அடியில் நாலா, அதாவது ஊர்த் தண்ணீர் ஓடும் பெரிய வாய்க்கால், போகிற இடத்தில் 'கல்வெர்ட்' என்று எழுதியிருந்தான். இரண்டாவது கேபிளை வரைந்தது இன்னொரு காண்டிராக்டரின் ஆள். அவன் ஒரு இடத்தில் 'மோரி' என்று எழுதியிருந்தான்.

மோரி தெரியுமா உங்களுக்கு? டைல்ஸ் போட்ட பாத்ரூமில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பம்பாயின் ஒற்றை அறை வீடுகளில் மூலையில் முட்டியளவு சுவர் கட்டி விட்டிருப்பார்கள். குளியல், பாத்திரம் தேய்ப்பது, கை கழுவுவது எல்லாம் அதற்குள்தான். நானும் சிக்கந்தரும் மோரியில் குளித்து வளர்ந்தவர்கள். அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே படம்தான் மனதில் வந்தது. கேபிள் வரிசை வீடுகள் அடைத்த ஏதோ ஒரு சாலுக்குள் புகுந்து, யார் வீட்டு மூலையிலோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

"வெள்ளிக்கிழமை அந்த வீட்டு மாமி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாள்னா டேட்டா வழுக்கிண்டு ஓடிடும் ஓய்" என்றேன் நான்.

"வேகம் கூடும்லா, கஸ்டமருக்கு நல்லதுதானவே" என்றார் அவர்.

வாரக்கணக்கில் இதே கேலி. கேலி செய்தோமே தவிர, சந்தேகப்படவில்லை. சிக்கந்தர் படத்தில் கல்வெர்ட் ஒரு புள்ளி, மோரி ஒரு புள்ளி. என் புரோகிராம் தாயம் உருட்டியது. கல்வெர்ட் முழுகினாலும் மோரி காப்பாற்றும், மோரிக்காரி கோபித்துக்கொண்டாலும் கல்வெர்ட் காப்பாற்றும். விடையில் புள்ளிக்கு முன்னும் பின்னும் ஒன்பது ஒன்பதாக வந்து நின்றது, கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. அத்தனை ஒன்பதை அடுக்கிப் பார்த்த சந்தோஷத்தில் நான் கேண்டீனில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக்கொடுத்தேன்.

கையெழுத்துப் போட வேண்டிய அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் செம்பூரில் ரத்த வங்கியைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சாப்பாட்டுக்குத் தாராவியில் சிக்கந்தர் வீட்டில் இறங்கினோம். அவர் மனைவி ரைஹானா, முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் வருகிறேன் என்றால் புளி ஊற்றி வெண்டைக்காய்க் குழம்பு வைத்துவிடுவார். தனக்கு வைத்த மீனை எனக்குத் தெரியாமல் சிக்கந்தர் சாப்பிடுவார். அதாவது எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு.

"மோரியில தண்ணி இருக்கு, கை கழுவும்வே" என்றார் சிக்கந்தர்.

குனிந்து கையில் சோப்பைத் தேய்த்தேன். சுவரோரம் தண்ணீர் போகிற சின்ன ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்குள் ஒரு பென்சிலை நுழைக்கலாம். கையளவு கனமான கேபிள் குழாயை எப்படி நுழைத்தான்? எனக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது. என்னிடம் ஒரு வியாதி உண்டு: பயம் வந்தால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், எனக்கு மூக்கு அரிக்கும். இரண்டு கையிலும் நுரை. சொறியவும் முடியாது.

"என்னண்ணே, அப்படியே நிக்கீங்க? தண்ணி நின்னுட்டா?" என்றார் ரைஹானா.

"இல்ல டீச்சர். உங்க மோரி வழியா ஒரு கம்பெனிக்காரன் கேபிள் இழுக்கறேன்னு வந்தா விடுவேளா?"

"எம் மோரி வழியாவா? வெளக்கமாத்தாலதான் பேசுவேன்."

"அந்தப் பொம்பளையும் அடிச்சுத்தான் இருப்பா. அடிய வாங்கிக்கிட்டே போட்டுட்டுப் போயிருப்பான்" என்றார் சிக்கந்தர், மீனிலிருந்து தலையை எடுக்காமல்.

"நீங்க சும்மா இருங்க. யார் வீட்டு மோரிண்ணே?"

"தெரியல. செம்பூர் ரோட்டோரமா வர்ற கேபிள். படத்துல மோரின்னு போட்டிருக்கான்."

"ரோட்டோரமா?" டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எழுதுனது மராட்டிக்காரவுகளா?"

"ஆமாம்."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, மராட்டியில வீட்டு மோரி மட்டும் மோரி இல்ல. ரோட்டுக்கு அடியில நாலா போவுதுல்லா, அந்தச் சின்னப் பாலமும் மோரிதான். மழை வரப்போவுதுன்னா எங்க பள்ளிக்கொடத்துக்கு சர்க்குலர் வரும், பிள்ளைகள மோரிப் பக்கம் விடாதீங்கன்னு. மொத வருசம் நானும் உங்களப் போலத்தான். மழைக்காலத்துல யாரும் குளிக்கக்கூடாதுன்னு வகுப்புல சொல்லிட்டேன். ஒரு வாரம் ஒரு பய குளிக்கல."

சிக்கந்தர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அப்பம் மோரியும் கல்வெர்ட்டும்..."

"ஒண்ணுதான்" என்றேன் நான். அப்போதுதான் மூக்கைச் சொறிந்தேன், நுரையோடு.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனோம். நாலாவின் கரையில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தோம். கறுப்புக் குழாய் ஒன்று, ஆரஞ்சுக் குழாய் ஒன்று, ஒரே லுங்கிக்குள் இரண்டு கால்போல ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. கீழே குப்பை அடைத்து, தண்ணீர் அசையாமல் நின்றது. மழையே இன்னும் வரவில்லை.

"ரெண்டு கம்பெனி, ரெண்டு கலரு, ரெண்டு பேரு. ஒரே குழி" என்றார் சிக்கந்தர்.

புரோகிராமைக் குற்றம் சொல்ல முடியாது. அது நன்றாகத்தான் உருட்டியது. கல்வெர்ட்டும் மோரியும் வேறு வேறு என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். ஒன்று செத்தால் மற்றதற்குச் சேதி போகாது என்று அது நம்பியது. இங்கே இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருந்தன.

அந்த நேரம் பார்த்து மேனேஜரிடமிருந்து போன். கையெழுத்து எங்கே என்றார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "நாக் குஜ்லா ரஹீ ஹை க்யா?" என்றார். மூக்கு அரிக்கிறதா என்று கேட்கிறார். என் மூக்கின் புகழ் ஆபீஸ் முழுவதும் பரவியிருந்தது. கஸ்டமரிடம் அந்த ஒன்பதுகளை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, நாளைக்கு மீட்டிங், அந்த நாலா இதுவரை ரோட்டின் மேலே ஏறியதே இல்லை, இப்போதைக்குப் போட்டுவிடு, மழை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் போன் செய்துகொண்டிருந்தார்.

பிள்ளைகளே, இங்கே நான் வீரமாக நிமிர்ந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் என் மூளை ஒரு நடுவழி கண்டுபிடித்தது. கையெழுத்தைப் போட்டுவிடுவது, ஒன்பதுகளின் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி வைத்து, பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு. உண்மையும் சொன்ன மாதிரி, வேலையும் போகாத மாதிரி. பெருமையாகச் சிக்கந்தரிடம் சொன்னேன்.

"நட்சத்திரம் போட்டா கீழ குனிஞ்சு யாரு பாப்பா? ஆபரேசன் மேசையில கெடக்கவனா?"

"வேலை போயிடும் ஓய்."

"போனா?"

"மாட்டுங்காவுல இட்லிக் கடை வைக்க வேண்டியதுதான்."

"உம்ம இட்லிய எவன் திம்பான்? அந்தப் பயத்துலயாவது நேர எழுதும்" என்றார். கரையில் மேலே ஏறிக்கொண்டே, "நீரு மட்டும் எழுத வேண்டாம். ஒண்ணா எழுதுவோம். தூக்குனா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கட்டும்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து, டீச்சர் தரையில் விரித்த பாயில் லேப்டாப்பை வைத்து, இரண்டு புள்ளிகளை ஒன்றாக்கி மறுபடி உருட்டினோம். ஒன்பதுகள் எல்லாம் சயானிலேயே இறங்கிப் போய்விட்டன. மிஞ்சிய எண்ணை அப்படியே அனுப்பினோம். கூட ஒரு குறிப்பு, பெரிய எழுத்திலேயே: இரண்டு கேபிளும் ஒரே பாலத்துக்கு அடியில் போகின்றன, இது இரண்டு வழி அல்ல, ஒரு வழி, ரத்த வங்கி மொட்டை மாடியிலிருந்து ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்கு ரேடியோ டிஷ் வைத்து மூன்றாவதாக ஒரு வழி ஏற்படுத்தினால்தான் கையெழுத்து. அனுப்பும் பொத்தானை நான் அழுத்தவில்லை. நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்ததால் டீச்சர் அழுத்தினார்.

திட்டிக்கொண்டே டிஷ் வைத்தார்கள். அதன் பிறகுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். மழை வந்தது. கொட்டித் தீர்த்தது. நாலா ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. மழைக்காலம் முழுவதும் மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மோரி கைஸீ ஹை?" என்று ஏதோ என் மாமனாரை நலம் விசாரிப்பதுபோல விசாரித்தார். முழுகிவிடு, முழுகிவிடு என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு. ரத்த வங்கி லைனுக்கு இப்படி வேண்டிக்கொண்ட பாவம் எந்தக் கணக்கில் சேருமோ.

அடுத்த கோடையில், பளீரென்ற வெயிலில், பாலத்தை அகலப்படுத்துகிறேன் என்று ஒரு ஜேசிபி வந்து ஒரே இழுப்பில் இரண்டு குழாயையும் வாரிக்கொண்டு போனது. சிக்கந்தர் அந்தப் பக்கமாக வந்தவர் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"மாட்டுங்கா, மோரி போச்சுவே." பேரன் பிறந்த சேதி சொல்கிறவரின் குரல்.

ரத்த வங்கியைக் கூப்பிட்டு, லைன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "எந்த லைன்?" என்றாள். டிஷ் தாங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. நம் தொழிலில் இதைவிடப் பெரிய விருது கிடையாது. அந்த 'எந்த லைன்'னை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று இப்போதும் இருக்கிறது. அந்தப் பயம்கூட வேண்டும்போல இருக்கிறது. ஓய்வு பெற்றதிலிருந்து மூக்கு அரிப்பதே இல்லை; டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார், எனக்கு வெறிச்சென்றிருக்கிறது.

அதனால் புரோகிராம் தருகிற எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், எது எதோடு சேர்ந்து சாகும் என்று கேளுங்கள். பெயர் வேறாக இருந்தால் நம்பாதீர்கள். போய்க் குனிந்து பாருங்கள். முதல் பத்தியில் சொன்ன தடுமாறும் இரண்டு பேர் நினைவிருக்கிறதா? ஒரே இடத்தில் படிக்கத் தவறிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மாற்று இல்லை. நானும் சிக்கந்தரும் மோரி என்ற சொல்லின் முன்னால் அப்படித்தான் இருந்தோம். நம் தொழிலில் அதற்குப் பெயர் பொதுக் காரணப் பழுது.

இதைத் தெரிந்துகொண்ட நான் என் படத்தை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாட்டுங்கா ஒரு புள்ளி, தாராவி ஒரு புள்ளி. நடுவே எத்தனை கோடு என்று நினைத்தேன்: லோக்கல் வண்டி ஒன்று, கேண்டீன் டீ ஒன்று, போன் ஒன்று, சைட் விசிட்டில் வெண்டைக்காய்க் குழம்பு ஒன்று. ஒன்பது ஒன்பதாக அடுக்கலாம். சிக்கந்தரும் நானும் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் காலையில்தான் தெரிந்தது, எல்லாக் கோடும் ஐரோலி ஆபீஸ் என்கிற ஒரே மோரி வழியாகத்தான் போயிருக்கிறது.

போன் நம்பர் இருக்கிறது. ஆரம்பத்தில் கூப்பிட்டேன். "சாப்டீராவே?" "ஆச்சு. நீர்?" "ஆச்சு." பிறகு இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. லைன் இருந்தது, அதில் அனுப்ப எதுவும் இல்லை. வருஷக்கணக்காக நாங்கள் பேசிய பேச்சு எல்லாம் யாரோ ஒருவர் கேபிளைப் பற்றியது. அப்புறம் சிக்கந்தர் குடும்பம் இருந்த கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். 'கோவண்டிக்கு வீடு மாத்திட்டோம்' என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்கு நான், மனிதனாகப் பிறந்தவன் ஏதாவது எழுத வேண்டாமா, ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினேன். அதோடு சரி.

போன வாரம் டீச்சரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவரை நான் ஒரு கோடாகவே கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"அண்ணே, ரைஹானா பேசுதேன். இங்கன வீடு நல்லா இருக்கு. பாத்ரூமெல்லாம் தனியா, கதவு வச்சு. மோரி இல்ல. உங்க சிநேகிதரு காலையில எந்திச்சு பால்கனியில நின்னு ஹார்பர் லைன் வண்டியப் பாத்துக்கிட்டே நிக்காரு. போயி அண்ணனப் பாத்துட்டு வாங்களேன்னா, 'அவரு நம்மளக் கை கழுவிட்டாரு'ங்காரு. நெசமாண்ணே?"

அவர் பால்கனியில், நான் மேம்பாலத்தில். வேறு வேறு லைன் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு கிறுக்கர்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மூக்கு அரித்தது. பதிலை அடித்து அடித்து அழித்துவிட்டுக் கடைசியில் வாயாலேயே சொன்னேன்.

"டீச்சர், இன்னும் கழுவல. கழுவறதுக்குத்தான் வரேன். சோப்பு எடுத்து வைங்கோ."

கொஞ்ச நேரத்தில் அதே போனிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "வெண்டைக்கா வாங்கியாச்சு. சீக்கிரம் வாரும்வே."

மாட்டுங்காவிலிருந்து கோவண்டிக்கு வழி பார்த்துவிட்டேன். ரயில் என்றால் குர்லாவில் மாற வேண்டும். பஸ் என்றால் செம்பூர் வழி. இரண்டும் எங்கேயும் ஒரே பாலத்துக்கு அடியில் போகவில்லை. எதுவும் ஐரோலியைத் தொடவில்லை. இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன், நட்சத்திரம் இல்லாமல்.

நாளைக்கு ரயிலில்தான் போகிறேன். சயானில் வண்டி நிற்கும். அங்கே ஏற யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் பக்கத்துக் கைப்பிடியை யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை, திட்டுகிறவர்கள் திட்டட்டும்.